சென்டர் இல்லாத அணி யாரை எடுக்க வேண்டும்?

கூடைப்பந்து டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்து ஆட்டக்காரர்களை எடுப்பது, என்று பேச்செடுத்தாலே ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "இருக்கிறதிலேயே பெரிய ஆட்டக்காரன் யாரோ அவனை எடு, மற்றதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது ஒரு கட்சி. "ஏற்கெனவே மூணு கார்டு இருக்கான், நாலாவது எதுக்கு? ரிங்குக்குக் கீழே நிற்க ஆள் இல்லையே" என்பது இன்னொரு கட்சி. (கார்டு என்றால் வெளியே நின்று பந்தைக் கையாளுகிற, எறிகிற ஆள். சென்டர் என்றால் ரிங்குக்குக் கீழே நிற்கும் நெட்டையன். ஃபார்வர்டு இரண்டுக்கும் நடுவே.) ஓர் அமெச்சூர் லீக்கில் பல சீசன்களாக அணி எடுத்து வருகிறவன் நான். இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன், சில சமயம் ஒரே மாலைக்குள்.

எங்கள் லீக்கின் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு அணிகள். ஆட விரும்புகிறவர்கள் பெயர் கொடுப்பார்கள், ஒரு காலை முழுக்க டிரையல் நடக்கும், மாலையில் பயிற்சியாளர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவராக எடுப்போம். முதல் ரவுண்டில் கடைசியாக எடுத்தவர் இரண்டாவது ரவுண்டில் முதலில் எடுப்பார். டிரேட், அதாவது அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது, கிடையாது. சீசன் முடிந்ததும் எல்லோரும் மறுபடி பொதுப் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். இந்தக் கடைசி இரண்டு விதிகள்தான் முக்கியம். திறமையா தேவையா என்ற அதே கேள்விக்கு அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏவில் ஒரு பதிலும் எங்கள் மேசையில் வேறு பதிலும் வருவது இவற்றால்தான்.

என்பிஏ கதையிலிருந்தே வருகிறேன், ஏனென்றால் தேவைக்காக எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டால் எல்லோரும் 1984-ஐத்தான் காட்டுவார்கள். ஹூஸ்டன் அணி முதலில் ஹக்கீம் ஒலாஜுவான் என்ற சென்டரை எடுத்தது. இரண்டாவது முறை போர்ட்லேண்டுக்கு. அவர்கள் சாம் போவி என்ற சென்டரை எடுத்தார்கள். மூன்றாவதாக சிகாகோ எடுத்தவர் மைக்கேல் ஜோர்டன். இப்போது கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அன்றைய போர்ட்லேண்டின் கணக்கைப் பார்த்தால் அது முட்டாள்தனமாகத் தெரியாது. முந்தைய சீசனில் 48 ஆட்டம் வென்ற அணி அது. அங்கே அதிகம் தோற்ற அணிகளுக்குத்தான் முன் இடம் கிடைக்கும். ஆனால் இவர்களுக்கு இரண்டாவது இடம் கிடைத்ததே தோற்றதனால் அல்ல, இண்டியானாவுடன் முன்பு செய்த ஒரு டிரேடினால். ஜோர்டன் ஆடும் இடத்தில் ஜிம் பாக்ஸன் இருந்தார். அதற்கு முந்தைய வருடம் 14-வதாக எடுத்த கிளைட் டிரெக்ஸ்லர் பெஞ்சில் வளர்ந்துகொண்டிருந்தார். டிராஃப்டுக்குச் சற்று முன் கிகி வாண்டவே என்ற ஃபார்வர்டுக்காகச் செய்த டிரேடில் வெய்ன் கூப்பர் என்ற சென்டரையும் கொடுத்துவிட்டார்கள். ஆக, அணியில் கண்ணுக்குத் தெரிந்த ஒரே ஓட்டை சென்டர் இடம்தான். அந்த ஓட்டையில் ஒரு பகுதி அவர்களே போட்டுக்கொண்டது.

இந்தக் கதையில் பலர் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. சிகாகோவுக்கும் சென்டர்தான் வேண்டியிருந்தது. மூன்றாவது இடத்தில் எடுக்கத் தகுந்த சென்டர் இல்லாததால் ஜோர்டனை எடுத்தார்கள். இன்னொன்று, ஹூஸ்டன். 1983-இல் முதல் ஆளாக 7 அடி 4 அங்குல ரால்ஃப் சாம்ப்சனை எடுத்த அணி அது. அடுத்த வருடமே இன்னொரு சென்டரை முதல் ஆளாக எடுத்தது. தேவைக் கட்சிக்காரர்களின் கணக்குப்படி ஹூஸ்டன்தான் ஜோர்டனை எடுத்திருக்க வேண்டும்! இரண்டு நெட்டையர்களையும் சேர்த்து ஆடவைத்து 1986-இல் இறுதிச் சுற்றுக்குப் போனார்கள். சாம்ப்சன் முழங்கால் காயத்தோடு போய்விட்ட பிறகும் ஒலாஜுவான் இருந்தார், 1994-இலும் 1995-இலும் கோப்பை வந்தது.

போர்ட்லேண்டின் சென்டர் ஓட்டை கடைசியில் எப்படி அடைபட்டது தெரியுமா? 1986 டிராஃப்டின் இரண்டாவது ரவுண்டில் சான் அன்டோனியோ எடுத்த கெவின் டக்வொர்த் என்பவரை சில மாதங்களிலேயே டிரேடில் வாங்கினார்கள். 1990, 1992 இரண்டு இறுதிச் சுற்றிலும் அவர்தான் சென்டர். 1992-இல் எதிரே நின்றது ஜோர்டனின் சிகாகோ. சென்டர் தேவை உண்மையானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதைத் தீர்க்க இரண்டாவது இடத்தைச் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை. போவி கல்லூரியில் கால் எலும்பு முறிவால் இரண்டு முழு சீசன்களை இழந்தவர் என்பதும் அன்றே எல்லோருக்கும் தெரியும். ஒரு தேவை கண்ணை உறுத்திக்கொண்டிருந்தால் மருத்துவ அறிக்கையைக்கூட நாம் நமக்குச் சாதகமாகவே வாசிப்போம்.

என்பிஏவில் மேல் இடங்களில் திறமைக் கட்சி ஜெயிப்பதற்குக் காரணம் தத்துவம் இல்லை, ஒப்பந்தம். முதல் ரவுண்டில் எடுத்த ஆட்டக்காரனுக்கு இரண்டு வருடம் உறுதி, மூன்றாம் நான்காம் வருடங்களை நீட்டிக்கும் உரிமை அணியிடம். நான்கு வருடத்தில் அணியின் தேவை என்னவாக இருக்கும் என்று எந்த மேலாளருக்கும் தெரியாது. பாதிப் பேர் மாறியிருப்பார்கள், மேலாளரே மாறியிருப்பார். அதோடு ஒரு நேரத்தில் களத்தில் ஐந்து பேர்தான். 48 நிமிடத்தில் 35 நிமிடத்துக்கு மேல் ஒரே ஆள் ஆடலாம். பதினோரு பேர் ஆடும் கிரிக்கெட்டிலோ கால்பந்திலோ ஒருவன் இவ்வளவு பங்கு எடுக்க முடியாது. ஆகவே முதல் தர ஆட்டக்காரனுக்கும் இரண்டாம் தர ஆட்டக்காரனுக்கும் உள்ள இடைவெளி, ஓர் இடம் காலியாக இருப்பதால் வரும் நஷ்டத்தைவிடப் பெரியது.

அதற்கு மேல் டிரேட் இருக்கிறது. 2009-இல் கோல்டன் ஸ்டேட் ஏழாவதாக ஸ்டீஃபன் கரி என்ற கார்டை எடுத்தபோது இன்னொரு கார்டு மான்டே எல்லிஸ் ஏற்கெனவே அங்கே ராஜா. சீசன் தொடங்கும் முன்பே எல்லிஸ், நாங்கள் இருவரும் குள்ளம், சேர்ந்து ஆட முடியாது என்று பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு வகையில் அவர் சொன்னது சரி. 2012 மார்ச்சில் எல்லிஸை மில்வாக்கிக்கு அனுப்பி ஆண்ட்ரூ போகட் என்ற சென்டரை வாங்கினார்கள். 2015 கோப்பை வந்த சீசனில் பெரும்பாலும் தொடக்க சென்டர் போகட்தான். மிகுதியாக இருந்த கார்டுதான் இல்லாத சென்டராக மாறியது.

சாக்ரமெண்டோ 2020-இல் செய்ததும் இதே வகை. டி'ஆரன் ஃபாக்ஸ் என்ற கார்டு இருக்கும்போதே 12-வதாக இன்னொரு கார்டு டைரீஸ் ஹாலிபர்ட்டனை எடுத்தார்கள், 2022 பிப்ரவரியில் அவரை இண்டியானாவுக்குக் கொடுத்து டோமான்டஸ் சபோனிஸ் என்ற சென்டரை வாங்கினார்கள். 2023-இல் சாக்ரமெண்டோ பிளேஆஃபுக்குப் போனது, 2006-க்குப் பிறகு முதல் தடவை. ஹாலிபர்ட்டன் 2025-இல் இண்டியானாவை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். அந்த டிரேடில் யார் ஜெயித்தார்கள் என்று எங்கள் மேசையில் இன்னும் சண்டை ஓயவில்லை. எனக்கு அதில் அக்கறையில்லை. 12-வது இடத்தில் தேவைக்காக ஒரு சுமாரான ஃபார்வர்டை எடுத்திருந்தால் சபோனிஸை வாங்கக் கையில் ஒன்றும் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

சரி, திறமைக் கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு எழுந்து போகலாம் போலிருக்கிறதல்லவா? 2005-ஐப் பார்த்துவிட்டுப் போங்கள். முந்தைய சீசனில் வெறும் 13 ஆட்டம் வென்ற அட்லாண்டாவுக்கு இரண்டாவது முறை. ஃபார்வர்டுகள் குவிந்திருந்தார்கள்: ஜோஷ் ஸ்மித், ஜோஷ் சில்ட்ரெஸ், ஆல் ஹாரிங்டன். ஆட்டத்தை நடத்தும் கார்டான பாயிண்ட் கார்டு இடம் வெறிச்சோடிக் கிடந்தது. அவர்கள் எடுத்தது மார்வின் வில்லியம்ஸ், இன்னொரு ஃபார்வர்டு. வட கரோலினா பல்கலைக்கழக அணியில் பெஞ்சிலிருந்து இறங்கி ஆடியவர், ஆனால் வளர்ந்தால் எங்கேயோ போவார் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். அடுத்த இரண்டு இடங்களில் போனவர்கள் டெரோன் வில்லியம்ஸும் கிறிஸ் பாலும். இருவருமே பாயிண்ட் கார்டு! அட்லாண்டாவின் பாயிண்ட் கார்டு பிரச்சினை 2008 பிப்ரவரியில் மைக் பிபியை டிரேடில் வாங்கும்வரை இழுத்தது.

மார்வின் மோசமான ஆட்டக்காரர் இல்லை, பதினைந்து சீசன் என்பிஏவில் ஆடினார். பிரச்சினை வேறு இடத்தில். "இருக்கிறவர்களில் சிறந்தவர்" என்று நாம் சொல்லும்போது அது ஏதோ தராசில் நிறுத்துப் பார்த்தது போல ஒலிக்கிறது. உண்மையில் அது நம்முடைய ஊகம். முதல் பெயருக்கும் மூன்றாவது பெயருக்கும் இடையில் நம் ஊகத்தின் பிழை அளவைவிடக் குறைவான வித்தியாசம்தான் இருக்கிறது என்றால், அங்கே திறமை என்ற வாதமே எழவில்லை. தேவையைப் பார்த்து எடுக்க வேண்டிய இடம் அதுதான்.

நான் பட்டியல் போடும் முறை இதிலிருந்து வந்தது. பெயர்களுக்கு 1, 2, 3 என்று எண் போடுவதில்லை. டிரையல் முடிந்ததும் நானும் உதவிப் பயிற்சியாளரும் தனித்தனியாக உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: "இவனைக் கொடுத்துவிட்டு அவனை வாங்கிக்கொள் என்றால் முகம் சுளிப்பேனா?" சுளிக்காவிட்டால் இருவரும் ஒரே வரிசை. சுளித்தால் நடுவில் கோடு. அப்படிக் கோடு போட்டுக்கொண்டே போனால் வழக்கமாக மேலே இரண்டு மூன்று பேர் தனியாக நிற்பார்கள், அதன் கீழே ஓர் ஏழெட்டுப் பேர், அதன் கீழே பெரிய கும்பல். கோட்டுக்கு மேலே ஒருவன் மிச்சமிருக்கும்வரை கோட்டுக்குக் கீழே கை போகக் கூடாது, நம் அணியில் எந்த இடம் காலியாக இருந்தாலும் சரி. ஒரே வரிசைக்குள் நாலு பேர் இருந்தால் அங்கே தேவையை மட்டும் பார்க்கலாம். கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் எனக்கும் உதவிப் பயிற்சியாளருக்கும் சண்டை வரும். அந்தச் சண்டையைக் காலையிலேயே போட்டு முடித்துவிட வேண்டும். மேசையில் முறை வந்த பிறகு போட்டால் குரல் பெரிதாக இருக்கிறவன் சொல்வதுதான் நடக்கும்.

இனி வரிசைக் கணக்கு. இதைப் பெரும்பாலான பயிற்சியாளர்கள் போடுவதில்லை, எனக்கு நல்லதாகப் போயிற்று. எட்டு அணி, வளைந்து திரும்பும் வரிசை. உங்களுக்கு மூன்றாவது இடம் என்றால் உங்கள் முறைகள் 3, 14, 19, 30, 35 என்று வரும். 14-க்கும் 19-க்கும் நடுவில் நாலே பேர் போவார்கள். அந்த நாலையும் எடுப்பது இரண்டே அணிகள், முதல் இடக்காரரும் இரண்டாம் இடக்காரரும், ஆளுக்கு இரண்டு. ஆனால் 19-க்கும் 30-க்கும் நடுவில் பத்துப் பேர் போய்விடுவார்கள். முதல் இடைவெளியில் அந்த இரண்டு பேரின் தாளை மட்டும் எட்டிப் பார்த்தால் போதும். இரண்டாவது இடைவெளியில் எது தீர்ந்துபோகும் என்பதுதான் கேள்வி.

ஒரு சீசனில் இது அப்படியே கண்முன் நடந்தது. மூன்றாவதாக நாங்கள் எடுத்தவன் உயரமான கார்டு, எல்லாம் தெரிந்தவன், தர்க்கமே தேவைப்படவில்லை. எங்களுக்கு முன்னால் எடுத்த இருவரும் நெட்டையர்களாகப் பார்த்து எடுத்திருந்தார்கள். 14-வது முறை வந்தபோது எங்கள் தாளில் ஒரே வரிசையில் மிச்சமிருந்தவர்கள் இருவர்: மூலையிலிருந்து குறி தவறாமல் எறியும் ஒரு கார்டு, கனத்த உடம்புள்ள ஒரு சென்டர். எங்களிடம் ரிங்குக்குக் கீழே யாருமில்லை. உதவிப் பயிற்சியாளர் என் முழங்கையை இடித்தான்.

"அண்ணே, சென்டரை எடுத்துடுங்க. இவன் போனா அடுத்தவன் குட்டையன்."

"யார் எடுப்பா? அவங்க ரெண்டு பேர்கிட்டயும் ஆல்ரெடி ஒரு நெட்டையன் இருக்கான். பந்து கொண்டுபோக ஆள் இல்ல. பாரு தாளை."

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டா நமக்கு இந்தப் பையன் இருக்கான், அடுத்த முறைல ஃபார்வர்டு பார்ப்போம். இப்ப சென்டரை எடுத்தா இந்தப் பையன் கண்டிப்பா போயிடுவான்."

கார்டை எடுத்தோம். அடுத்த நாலு முறையில் மூன்று கார்டு, ஒரு ஃபார்வர்டு போனார்கள். 19-வதாக சென்டர் எங்களுக்கே வந்தான். அவன் முகத்தில் லேசான கடுப்பு, இவ்வளவு நேரம் தன் பெயர் வராததற்கு. தேவையைத் தள்ளிப்போடலாமா என்பது நம் தாளைப் பார்த்தால் தெரியாது, பக்கத்து ஆள் தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் எங்கள் லீக்கில் மூன்றாவது ரவுண்டிலிருந்து நான் முழுக்கத் தேவைக் கட்சி. டிரேட் இல்லாத இடத்தில் மிகுதியான கார்டு சென்டராக மாற வழியே இல்லை. அடுத்த வருடம் ஆள் நம்மிடம் இருக்க மாட்டான், ஆகவே வளர்த்து எடுக்கலாம் என்ற பேச்சும் இல்லை. இன்றைக்கு அவன் என்ன செய்கிறானோ அதுதான் அவன். இந்த மட்டத்தில் சில ஓட்டைகள் ஆட்டத்தையே கொன்றுவிடும். எதிரணி முழு மைதானத்திலும் நெருக்கினால், எட்டு நொடிக்குள் பந்தைப் பாதிக் கோடு தாண்டிக் கொண்டுபோக இரண்டு பேராவது வேண்டும். ஒருவன் மட்டும் இருந்தால் அவன் மேல் இரண்டு பேரை ஏவிவிடுவார்கள், மற்ற நாலு பேர் கையை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். எங்கள் டிராஃப்டில் இரண்டாவது பந்து கொண்டுபோகிறவன்தான் மிக மலிவாகப் போகிறவன். புள்ளி போடாததால் அவன் கண்ணில் படுவதில்லை. அவனை நான் ஒரு ரவுண்ட் முன்கூட்டியே எடுப்பேன்.

இதற்கு விலையும் உண்டு. ஒரு தடவை அப்படி ஒருவனை எடுத்ததற்காக விட்டுக்கொடுத்த ஆள் நன்றாகப் புள்ளி போடுகிறவன். எங்களுக்கு எதிராக ஆடிய நாளில் அவன் ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் எங்கள் பெஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் பின்னால் ஓடினான். அந்த ஆட்டம் தோற்றோம். அன்றும் பந்தைப் பாதிக் கோடு தாண்டுவதில் எங்களுக்குச் சிக்கல் வரவில்லை. மறுபடி அதே மேசையில் உட்காரவைத்தாலும் அவனைத் தாண்டித்தான் போவேன்.

தேவை என்று நான் சொல்வது பாயிண்ட் கார்டு ஒன்று, சென்டர் ஐந்து என்று எண் போட்டுச் சொல்லும் ஆட்ட இடங்களை அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். "நமக்கு ஒரு நாலாம் நம்பர் வேணும்" என்று யாராவது சொன்னால் நான் காதில் வாங்குவதில்லை. நெருக்கும்போது பந்தை யார் கொண்டுபோவார்கள்? ரிங்கை யார் காப்பார்கள்? எதிரணியின் சிறந்த ஆளை யார் ஒட்டிக்கொண்டு திரிவார்கள்? மூலையில் நின்று காத்திருந்து எறிய யாருக்குப் பொறுமை உண்டு? இந்த வேலைகளுக்கு ஆள் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். ஒரே ஆள் இரண்டு வேலை செய்தால் ஓர் இடம் மிச்சம்.

திறமைகளிலும் ஒன்றோடொன்று கூடுவது உண்டு, ஒன்றையொன்று தின்பது உண்டு. எறிகிறவன் பக்கத்தில் இன்னொரு எறிகிறவனை நிறுத்தினால் இருவருக்குமே இடம் கிடைக்கிறது. பாஸ் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் தொந்தரவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தட்டித் தட்டி ஆடுகிறவர்கள் மூன்று பேர் இருந்தால் இருவர் வேடிக்கை பார்க்கவேண்டியதுதான், பந்து ஒன்றுதானே. சென்டர்கள் இன்னும் மோசம். பிலடெல்பியா 2013, 2014, 2015 என்று வரிசையாக நெர்லென்ஸ் நோயல், ஜோயல் எம்பீட், ஜாலில் ஓகஃபோர் என மூன்று சென்டர்களைச் சேர்த்தது. ஒவ்வொரு தடவையும் திறமை என்றுதான் வாதம். எம்பீட் நட்சத்திரமானார். மற்ற இருவரும் ஆட நேரமில்லாமல் மதிப்புக் குறைந்து, 2017-இல் சொற்ப விலைக்குப் போனார்கள். மிகுதியை டிரேட் செய்துகொள்ளலாம் என்ற வாதம், அந்த மிகுதி ஆள் களத்தில் இறங்கித் தன்னைக் காட்ட இடமிருக்கும்வரைதான் செல்லும். கரியும் எல்லிஸும் அசௌகரியமாகவாவது சேர்ந்து ஆடினார்கள். மூன்று சென்டர்களுக்கு அதுவும் முடியாது.

பாஸ்டன் இதற்கு நேர் எதிர். 2016-இல் மூன்றாவதாக ஜேலன் பிரவுன், 2017-இல் முதல் இடத்தை பிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டு மூன்றாவதாக ஜேசன் டேட்டம். இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரம், ஒரே மாதிரி ஆட்டம். அப்போது பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அந்த அளவு ஃபார்வர்டுகள்தான் இன்றைய ஆட்டத்தில் எத்தனை பேர் இருந்தாலும் சேர்ந்து நிற்கக்கூடியவர்கள். 2024 கோப்பை இருவரும் சேர்ந்து தூக்கியது. ஆகவே நகல் ஆள் என்பதற்காக ஒருவனைத் தள்ளுவதற்கு முன், எந்த வகை நகல் என்று பார்க்கிறேன்.

டிரையலில் என்ன பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: பந்து இருக்கிறவனை எல்லோரும் பார்க்கிறார்கள், நீங்கள் பார்க்க வேண்டாம். ஒரு ஷாட் மேலே போகும்போது என் கண் ரிங்கில் இருக்காது, எதிராளியின் இடுப்பில் யார் முதுகைச் சாய்க்கிறார்கள் என்பதில் இருக்கும். அந்தக் கனத்த சென்டரை அப்படித்தான் கண்டுபிடித்தோம். காலை முழுக்க அவன் ஐந்தாறு புள்ளிதான் போட்டிருப்பான். ஆனால் ஷாட் போகும் ஒவ்வொரு தடவையும் திரும்பி, பின்னாலிருக்கிறவனைத் தன் முதுகால் கண்டுபிடித்து, இரண்டு அடி வெளியே தள்ளிவிட்டு நின்றான். உள்ளே போகாமல் திரும்பி வரும் பந்தை, அதாவது ரீபவுண்டை, பலமுறை வேறு யாரோ எடுத்தார்கள், பெயர் அவர்களுக்குப் போயிற்று. கடைசி அரை மணி நேரத்தை, எல்லோரும் களைத்த பிறகு, இன்னும் கவனமாகப் பாருங்கள். தப்பான பாஸ் கொடுத்துவிட்டு யார் பின்னால் ஓடுகிறார்கள், யார் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, இது அமெச்சூர் லீக்குக்கு மட்டும்: வருவானா? காலையில் பிரமாதமாக ஆடிவிட்டு மூன்றாவது வாரத்திலிருந்து போன் எடுக்காத ஆட்டக்காரனை என் லீக்கில் எல்லாப் பயிற்சியாளர்களும் பார்த்திருக்கிறார்கள். ஒரே வரிசையில் இரண்டு பேர் இருந்து, தேவையும் சமமாக இருந்தால், போன சீசனில் யாரோடு ஆடினான் என்று பார்த்து அவர்களிடம் கேட்டுவிடுவேன். என்பிஏ மேலாளர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு அதற்குப் பதில் மருத்துவ அறிக்கை இருக்கிறது.

மேசையில் பதற்றம் பரவும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேர் அடுத்தடுத்து சென்டர் எடுத்தால் மூன்றாமவர் தன் தாளை மறந்துவிட்டு சென்டர் எடுப்பார். நாலாவது ஆளிடம் வரும்போது கோட்டுக்கு மூன்று வரிசை கீழே இருக்கிற ஒரு நெட்டையன் போய்விடுவான். அப்படி ஓட்டம் தொடங்கும்போது மேல் வரிசையில் கார்டுகள் கேட்பாரற்று நிற்பார்கள். அந்த நேரத்தில் எடுப்பதுதான் லாபம். டென்வர் 2014-இல் ஒரே இரவில் 16-வது ஆளான யூசுஃப் நுர்கிச்சை டிரேடில் வாங்கியது, 41-வதாக நிகோலா யோக்கிச்சையும் எடுத்தது. இரண்டும் சென்டர். இரண்டாவது ரவுண்டில் "சென்டர் எடுத்தாயிற்றே" என்று யாராவது கையைப் பிடித்திருந்தால் 2023 கோப்பை எங்கேயோ போயிருக்கும். அவ்வளவு பின்னால், 41-வது இடத்தில், நஷ்டப்பட ஒன்றுமில்லை. எடுத்த ஆள் வரவில்லையென்றாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

இப்போது நானும் உதவிப் பயிற்சியாளரும் மோதிக்கொண்டிருப்பது சான் அன்டோனியோவை வைத்து. 2025 பிப்ரவரியில் டி'ஆரன் ஃபாக்ஸை டிரேடில் வாங்கினார்கள். அவர்களே 2024-இல் நாலாவதாக எடுத்த ஸ்டெஃபான் காஸில் அந்த சீசனின் சிறந்த புதுமுகம் ஆனார். அப்படி இருக்கும்போது 2025 டிராஃப்டில் இரண்டாவது இடம் கிடைத்தது, ஜூனில் டிலன் ஹார்ப்பரை எடுத்தார்கள். மூவருமே பந்தைக் கையில் வைத்து ஆடும் கார்டு. "பந்து ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று அவன் என் வாயாலேயே என்னை மடக்கப் பார்க்கிறான். இடத்தை விற்று, அந்த அணியின் நட்சத்திர நெட்டையன் வெம்பன்யாமாவுக்குப் பக்கத்தில் எறிகிறவன் ஒருவனை வாங்கியிருக்க வேண்டும் என்பது அவன் கட்சி. அந்த வருடப் பட்டியலில் இரண்டாவது பெயருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நான் கோடு போட்டிருந்தேன். அவன் தாளில் அந்தக் கோடு நாலாவது பெயருக்குக் கீழே இருக்கிறது.